எட்டு கியரும் ஒரு பல் டாக்டரும்

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஓட்டுநர் உரிமத்துக்கு மறுபடி சோதனை கொடுக்க வேண்டும் என்று போன வருஷம் எங்கள் ஊரில் ஓர் உத்தரவு வந்தது. அந்த உத்தரவின் இரண்டாவது பத்தியில் 'மேற்படி பல் மருத்துவர்' என்று ஒருவர் குறிப்பிடப்பட்டிருப்பார். அது நான்தான். இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். இப்போது நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுவது பொதுநலன் கருதி அவசியம் என்று படுகிறது.

என் கிளினிக் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. நோயாளி வாயைத் திறந்ததும் நான் பேச ஆரம்பிப்பேன். பெரும்பாலும் கார்களைப் பற்றித்தான். "கியர் மாத்தி ஓட்டினாத்தாங்க அது ஓட்டுறது. மத்ததெல்லாம் லிஃப்ட்ல ஏறி நிக்கிற மாதிரி" என்பேன். இந்தக் கருத்தை யாரும் மறுத்ததில்லை. மறுக்கக்கூடிய நிலையில் யாரையும் நான் வைத்திருந்ததில்லை என்பதும் உண்மை.

இன்னொரு உண்மையும் உண்டு. என் பழைய கார் ஆட்டோமேட்டிக். நான் கடைசியாகக் கிளட்சை மிதித்து இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. பேச்சில் மட்டும் தினமும் மிதித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவர்கள், இடுப்பு எலும்பு முறிந்தவர்கள் வீடுகளுக்குப் போய் அவர்களை எழுப்பி நடக்க வைப்பது அவள் வேலை. பழைய கார் தன் மூச்சை நிறுத்திக்கொண்டபோது அவள்தான் சொன்னாள்: "மின்சாரக் கார் வாங்கிடலாங்க. நாள் பூரா அடுத்தவங்க மூட்டை அசைச்சுட்டு வர்றேன். வண்டியாவது என்னை அசைக்காம போகட்டும்."

ஷோரூமில் விற்பனையாளர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சார் மாதிரி ஓட்டத் தெரிஞ்சவங்களுக்குன்னே ஒரு மாடல் இருக்கு" என்றார்.

எனக்கு ஓட்டத் தெரியும் என்பதை அவர் என் நடையை வைத்தே கண்டுபிடித்ததில் எனக்கு ஆச்சரியம் ஏற்படவில்லை. ஏற்பட்டிருக்க வேண்டும்.

உள்ளே உட்கார்ந்ததும் ஒரு பட்டனைக் காட்டினார். அதன்மேல் 'உணர்வு' என்று எழுதியிருந்தது. அழுத்தினேன். எங்கிருந்தோ ஒரு எஞ்சின் உறுமியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் காது மாதிரி இரண்டு தகடுகள். வலது காதைத் திருகினால் கியர் ஏறும், இடது காதைத் திருகினால் இறங்கும். மொத்தம் எட்டு கியர். ஒவ்வொன்றுக்கும் முதுகில் ஒரு தட்டு. நேரத்துக்கு மாற்றாவிட்டால் கார் கத்தும், முன்னே போக மறுத்து முரண்டு பிடிக்கும். மின்சாரக் காருக்கு எஞ்சினும் கிடையாது, கியர் பெட்டியும் கிடையாது. அத்தனையும் கம்ப்யூட்டர் போடும் வேஷம்.

பின் சீட்டிலிருந்து என் மனைவி கேட்டாள்: "இதைப் போடாம ஓட்டினா?"

"இன்னும் வேகமாப் போகும் மேடம். குலுங்காது. சத்தமும் வராது."

"போட்டா?"

"கொஞ்சம் மெதுவாப் போகும். குலுங்கும். சத்தம் வரும்."

"அதுக்குத் தனியா விலையா?"

"ஆமா மேடம். இது உயர்தர மாடல்."

அவள் ஒரு நிமிஷம் யோசித்தாள். "ஆஃப் பண்ண முடியுமில்ல?"

"ஒரே பட்டன் மேடம்."

"அப்ப சரி."

அதற்குள் நான் ஆறாவது கியரில் இருந்தேன். கார் ஷோரூமுக்குள் நின்றுகொண்டிருந்தது.

வாகனப் பதிவு விண்ணப்பத்தில் பதினான்காவது கட்டம்: 'கியர்களின் எண்ணிக்கை.' ஒன்று என்று எழுதுங்கள் என்று விற்பனையாளரே சொல்லியிருந்தார். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் நடுவே மாறாத ஒரே ஒரு பல்சக்கர இணைப்பு இருப்பதால் அதுதான் வழக்கமாம். அலுவலகத்தின் நீண்ட மேஜையில் எனக்கு இடப்பக்கம் ஒருவர் தன் பெட்ரோல் காருக்கு 'ஐந்து' என்று எழுதிக்கொண்டிருந்தார். வலப்பக்கம் ஒருவர் 'ஆறு' என்று எழுதினார். இரண்டு பேரும் என் தாளை எட்டிப் பார்த்தார்கள். நான் 'எட்டு' என்று எழுதினேன். கொஞ்சம் பெரிதாகவே எழுதினேன்.

கவுண்டரில் இருந்த அம்மா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"கம்பெனி சான்றிதழ்ல ஒண்ணுன்னு இருக்கு. நீங்க எட்டுன்னு போட்டிருக்கீங்க."

"அவங்க இரும்பைக் கணக்கு வைக்கிறாங்க மேடம். நான் அனுபவத்தைக் கணக்கு வைக்கிறேன்."

"அனுபவத்துக்குக் கட்டம் இல்லையே சார். மீதி ஏழு கியர் எங்க?"

"வண்டியிலதான் இருக்கு. ஆனா கழட்டிக் காட்ட முடியாது."

அவர் என் விண்ணப்பத்தின்மேல் ஒரு நீலக் காகிதத்தைக் குத்தினார். 'பொருள்: ஏழு கியர்கள் காணாமை. ஆய்வாளரின் மேலான பார்வைக்கு.' ஆய்வு முடியும்வரை வண்டி அலுவலக வளாகத்திலேயே நிற்க வேண்டும் என்றார்.

வாகன ஆய்வாளர் கனமான மனிதர். மெதுவாகப் பேசுவார். வண்டியின் முன்மூடியைத் திறந்தார். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டியும் அதற்குள் கண்ணாடி துடைக்கும் துணியும் இருந்தன. மூடினார். குனிந்து அடியில் பார்த்தார்.

"கியர் பெட்டி எங்கே?"

"இல்லை சார்."

"இல்லாத கியருக்கு கியர்னு எப்படிப் பேர் வைக்கிறது?"

"நான் பல் டாக்டர் சார். இல்லாத பல்லுக்குப் பதிலா நான் கட்டுறதுக்கும் பல்லுன்னுதான் பேரு."

ஆய்வாளர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மேல் வரிசையில் இரண்டு கட்டினது என்று நான் முன்பே கவனித்திருந்தேன். அதன்பின் அவர் என்னிடம் கொஞ்சம் மரியாதையாகவே நடந்துகொண்டார். ஆனால் உதட்டைத் திறக்காமல்.

வண்டியைக் கிளப்பிக் காட்டச் சொன்னார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. 'உணர்வு' பட்டனை அழுத்தி உறும விட்டேன். மூன்று மாடியிலும் ஜன்னல்கள் திறந்தன. ஆய்வாளர் காதைக் கூர்மையாக்கிக் கேட்டார்.

"எஞ்சின் சத்தம் கேக்குதே?"

"ஸ்பீக்கர்ல வருது சார்."

"எதுல வந்தா என்ன? சத்தம் வந்தா எஞ்சின். எஞ்சின்னா புகைச் சான்றிதழ் வேணும். நாளைக்கு வாங்கிட்டு வாங்க."

அந்த ஒரே பட்டனை நான் அப்போது அணைத்திருக்கலாம். அணைக்கவில்லை. மூன்றாவது மாடி ஜன்னலில் இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியிருந்தார்கள்.

மறுநாள் ஒரு காவலரைத் துணைக்கு அனுப்பி வண்டியைப் புகைச் சோதனை நிலையத்துக்கு விட்டார்கள். சோதனைக்காரர் கையில் குழாயோடு காரை மூன்று முறை சுற்றி வந்தார். சொருக ஓட்டை இல்லை. கடைசியில் சத்தம் எங்கே அதிகமாக வருகிறதோ அங்கே, பின்பக்க ஸ்பீக்கர் ஓரத்தில், குழாயை நீட்டிப் பிடித்தார். மீட்டர் பூஜ்யம் காட்டியது.

"பூஜ்யம்னா மெஷின் வேலை செய்யலன்னு அர்த்தம் சார்" என்று மறுபடி போட்டார். மறுபடியும் பூஜ்யம். மெஷினை அணைத்து, தட்டி, எழுப்பினார். பூஜ்யம். என்னைச் சந்தேகத்தோடு பார்த்துவிட்டு அறிக்கை எழுதினார்: 'புகைக்குழாய் காணப்படவில்லை. உரிமையாளர் மறைத்திருக்கக்கூடும்.'

இப்படியாக என் கோப்பு கனத்துக்கொண்டே போனது. ஏழு கியர் காணோம், எஞ்சின் காணோம், புகைக்குழாய் காணோம். பதினெட்டு நாள் கழித்துப் பார்த்தால், திருட்டுப் போன காரின் கோப்பு மாதிரி இருந்தது. வண்டி மட்டும் அவர்கள் வளாகத்தில் பத்திரமாக நின்றது.

என் மனைவி மடக்கு மேஜையையும் ரப்பர் பட்டைகள் அடைத்த பையையும் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தாள்.

"போய் அந்தக் கட்டத்துல ஒண்ணுன்னு எழுதிட்டு வாங்களேன்" என்றாள் முதல் வாரம்.

"இது கொள்கைப் பிரச்சினை."

"எட்டுன்னு எழுதினது உங்க பேனாங்க. அதுல கொள்கை எங்க வந்தது?"

இரண்டாவது வாரம் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் ஒரு நாள் சாயங்காலம் வந்து, பையைக் கீழே வைத்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்தத் தையல்காரர் விழுந்துட்டாருங்க."

அந்தத் தையல்காரரை எனக்கு அவள் பேச்சிலிருந்து தெரியும். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துபோன மனிதர். நான்கு மாதத்தில் ஏழு அடி நடக்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

"இரண்டு பஸ் மாறிப் போறதுக்குள்ள முக்கால் மணி நேரம் லேட்டாயிடுச்சு. நான் வர்றப்ப வாசல்ல நின்னு காட்டணும்னு அவரா எழுந்திருக்காரு. ஜன்னல் பக்கம் வரைக்கும் வந்துட்டாராம். எலும்பு ஒண்ணும் ஆகல. ஆனா இனிமே எழுந்திருக்க மாட்டேன்னுட்டாரு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். நான் எழுதிய எட்டு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. எவ்வளவு பெரிதாக எழுதியிருந்தேன்!

மறுநாள் காலை அலுவலகம் திறக்குமுன் வாசலில் நின்றேன். நீல மை பேனாவை நீட்டி, "மேடம், எட்டை அடிச்சு ஒண்ணுன்னு போட்டுடறேன்" என்றேன்.

கவுண்டர் அம்மா கோப்பை என் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினார்.

"இப்ப அடிச்சீங்கன்னா, முதல்ல எழுதினது பொய்த் தகவல்னு ஆகும். அதுக்குத் தண்டனை இருக்கு."

"சரி, அடிக்கல. எட்டே இருக்கட்டும்."

"எட்டுன்னா மீதி ஏழைக் காட்டணும்."

"காட்ட முடியாதே."

"அதான் சார் நாங்களும் பதினெட்டு நாளாச் சொல்லிட்டிருக்கோம்."

நான் நேராக ஆய்வாளர் அறைக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கியரைப் பற்றிப் பேசாமல், தையல்காரரைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் உண்மையாகவே வருத்தப்பட்டார். அவருடைய தகப்பனாரும் அப்படித்தான் படுக்கையில் இருந்தாராம்.

"உங்களுக்காக ஒண்ணு பண்றேன் டாக்டர். இந்த எட்டு கியர் இருக்கா இல்லையான்னு நானே நேர்ல ஓட்டிப் பார்த்து முடிவு சொல்றேன்" என்றார்.

ஐந்து நாள் ஓட்டிப் பார்த்தார். ஆய்வு நிமித்தம் கடற்கரைச் சாலைக்குப் போனார். ஆய்வு நிமித்தம் தன் மச்சினனைக் கூட்டிக்கொண்டு போனார். ஆறாம் நாள் கண்ணில் ஒரு வெளிச்சத்தோடு உத்தரவில் கையெழுத்திட்டார். அதன் முக்கியமான வாக்கியம் இது: 'மேற்படி வாகனத்தில் ஏழு கியர்கள் பொருளாக இல்லை, ஆயினும் ஓட்டுகையில் உள்ளதாகவே மனம் ஒப்புகிறது. எனவே எட்டு எனப் பதியலாம்.'

ஒரே ஒரு நிபந்தனை. நான் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். 'என் வாகனத்தில் உள்ள கியர்கள் இல்லாதவை என்பதை நான் அறிவேன் என்றும், அவற்றை மகிழ்ச்சிக்காக மட்டுமே மாற்றுவேன் என்றும் இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.'

நம்பர் பலகை கிடைத்தது. அன்று மத்தியானமே என் மனைவி பட்டனை அணைத்துவிட்டு, சத்தமில்லாமல் தையல்காரர் வீட்டுக்குப் போனாள். அவரை எழுப்ப ஒன்பது நாள் ஆயிற்று. ஒன்பதாம் நாள் நான்கு அடி வைத்தார். அந்தச் செய்தியை அவள் எனக்கு போனில் சொன்னபோது, நான் ஒரு நோயாளியின் கடைவாய்ப் பல்லில் இருந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு கண்ணைத் துடைத்தேன். அவர் தனக்குப் பல் போய்விட்டது என்று நினைத்து அழ ஆரம்பித்துவிட்டார்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

என் பிரமாணப் பத்திரம் மேலிடத்துக்குப் போனது. மேலிடத்தில் யாரோ படித்துத் தொலைத்துவிட்டார்கள். மின்சாரக் கார்களில் கியர் இல்லை என்பது மேற்படி பல் மருத்துவரின் வாக்குமூலத்தால் ஐயமற நிரூபணமாகிவிட்டது. ஆனால் அவற்றின் உரிமையாளர்களோ கியர் வாகன உரிமம் வைத்திருக்கிறார்கள். ஆகவே அனைவரும் கியர் மாற்றும் திறமையை மறுபடி நிரூபிக்க வேண்டும். தவறினால் 'கியர் அற்ற வாகனம் மட்டும்' என்று உரிமம் குறைக்கப்படும். உத்தரவு இரண்டே பக்கம்தான்.

ஊர் என்மேல் பாய்ந்தது. கிளினிக் படியேறி வந்தவர்கள் பாதிப் பேர் பல்லைக் காட்ட வரவில்லை, கடிக்க வந்தார்கள். வாயைத் திறந்து வைத்திருக்கும்போது மனிதன் திட்ட முடியாது என்பது எங்கள் தொழிலில் ஒரு சௌகரியம். அந்த மாதம் எல்லோரையும் நெடுநேரம் திறந்து வைத்திருந்தேன்.

உரிமம் குறைந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். எங்களில் யாரிடமும் கியர் வண்டி இல்லை, இனி வாங்கப்போவதும் இல்லை. ஆனால் 'கியர் அற்ற' என்று ஒரு அட்டையில் தன் புகைப்படத்துக்குக் கீழே அச்சடித்துப் பார்க்க எந்த ஆண்பிள்ளைக்கு மனம் வரும்?

சோதனை நாளன்று மைதானத்தில் நாற்பது பேர் கூடியிருந்தோம். வக்கீல், கட்டட ஒப்பந்தக்காரர், கல்லூரி முதல்வர், இரண்டு கண் டாக்டர்கள். வரிசையில் நின்றபடி ஒவ்வொருவரும் இடது காலால் காற்றை மிதித்து, வலது கையால் காற்றைக் கிளறி, ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மனைவியும் வந்திருந்தாள். கார் எங்கள் இரண்டு பேர் பெயரிலும் இருந்ததால் அவளுக்கும் கடிதம் வந்திருந்தது.

சோதனைக்கு அலுவலகத்தின் பழைய கியர் கார். வக்கீல் ஏறினார். கார் ஒரு தவளைத் தாவல் தாவி நின்றது. ஒப்பந்தக்காரர் ஏறினார். இரண்டு தாவல். நான் ஏறினேன். முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டேன். வண்டி நடுங்கி அணைந்தது. மறுபடி கிளப்பினேன். அணைந்தது. மூன்றாவது முறை மேட்டில் ஏறப் பார்த்து, பின்னால் உருண்டு, வரிசையில் நின்ற கண் டாக்டர்கள் இருவரையும் ஆளுக்கொரு பக்கம் ஓட வைத்தேன்.

மத்தியானத்துக்குள் முப்பத்தொன்பது பேரும் முடிந்தோம். ஒருவரும் மேட்டைத் தாண்டவில்லை. "இது வண்டிக் கோளாறு" என்றார் கல்லூரி முதல்வர். எல்லோரும் ஆமோதித்தோம். ஆய்வாளர், "அப்படி ஒண்ணும் இல்லையே" என்று தானே ஏறி ஓட்டிக் காட்ட முயன்றார். மூன்று தாவல். அவரும் சென்ற வாரம் என் காரைப் போலவே ஒன்று வாங்கியிருந்தார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அவர் பெயரும் பட்டியலில் நாற்பத்தொன்றாவதாக இருந்தது.

அவர் இறங்கி வந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்து, கோப்பைத் திறந்து நெடுநேரம் படித்தார். பிறகு கனிவோடு பேசினார்.

"டாக்டர் விஷயத்துல நாம ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்திருக்கோம். பொருளா இல்லாட்டியும் மனசு ஒப்பினாப் போதும். கார்களுக்கு ஒரு நியாயம், மனுஷங்களுக்கு ஒரு நியாயம் இருக்க முடியாது. ஆகவே ஓட்டுறதை வெச்சுப் பார்க்கப் போறதில்லை. கியர் மாத்தும்போது என்ன உணர்ந்தீங்கன்னு ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்க. மார்க் அதுக்குத்தான்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

எழுதினோம். இருபத்திரண்டு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை எல்லாம் நான் கொட்டினேன். 'இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகையில் இரும்பு என் உள்ளங்கையோடு பேசியது' என்று ஆரம்பித்தேன். பக்கம் போதவில்லை, மேலதிகத் தாள் வாங்கினேன்.

கடைசி ஆள் என் மனைவி. அவள் தாளையும் பேனாவையும் ஓரமாக வைத்துவிட்டு, "ஓட்டவே வேண்டாமா?" என்று கேட்டாள்.

"விருப்பப்பட்டா ஓட்டலாம் மேடம்."

ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். முதல் கியர், இரண்டு, மூன்று. மைதானத்தை ஒரு சுற்று. மேட்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, ஒரு அங்குலம்கூடப் பின்னால் நழுவாமல் ஏறி, இறங்கி, ரிவர்ஸில் வந்து, இரண்டு தூண்களுக்கு நடுவே நிறுத்தி இறங்கினாள். நாற்பது ஆண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"உனக்கு எப்படி...?" என்றேன்.

"நாம கல்யாணம் பண்ணிக்கிறதுக்கு முன்னாடி நான் வேலை பார்த்த மறுவாழ்வு இல்லத்துல வேன் ஓட்டினதே நான்தானே. ஆறு வருஷம்" என்றாள். "நீங்க கேட்டதில்லை."

ஆய்வாளர் தொண்டையைச் செருமினார். "ஓட்டினது சரி மேடம். கியர் மாத்தறப்ப என்ன உணர்ந்தீங்க?"

"ஒண்ணும் உணரல சார். ரோட்டைப் பார்த்தேன்."

"கொஞ்சமாவது?"

அவள் யோசித்தாள். "இடது முழங்கால் லேசா வலிச்சுது."

அவர் உண்மையிலேயே சங்கடப்பட்டார். ஆனால் விதி விதிதான். முடிவுகள் சாயங்காலம் பலகையில் ஒட்டப்பட்டன. ஆய்வாளர் உள்பட நாற்பது பேர் தேர்ச்சி. நான் முதல் மதிப்பெண். என் மனைவிக்கு நேரே: 'உணர்வு இன்மை. கியர் அற்ற வாகனம் மட்டும்.'

"மேல்முறையீடு பண்ணலாம், நான் எழுதித் தர்றேன்" என்றேன்.

"எதுக்குங்க? எனக்கு ஆறு மணிக்கு ஒரு இடுப்பு இருக்கு" என்று சாவியை வாங்கிக்கொண்டாள்.

என் விடைத்தாள் அத்தோடு நிற்கவில்லை. ஆய்வாளர் அதை நகலெடுத்து மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடத்துக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. இப்போது ஊரிலுள்ள ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிகள் எல்லாவற்றிலும் அதுதான் மாதிரி விடை. காலையில் அந்தப் பக்கம் போனால், 'இரும்பு என் உள்ளங்கையோடு பேசியது' என்று பையன்களும் பெண்களும் ஒரே குரலில் மனப்பாடம் செய்வது தெருவரை கேட்கும். இதுவரை நானூறு பேர் அதை எழுதி உரிமம் வாங்கியிருக்கிறார்கள். ஒருவர்கூடத் தவறவில்லை.

நான் இப்போதெல்லாம் தெருவைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் இரண்டு தடவை பார்த்துக்கொள்கிறேன்.